காலையில் மாத்திரம் பல் துலக்கினாற் போதுமா?

கோழி கூவும் வேளையில் எழுந்து, பல் துலக்கி, முகங் கழுவிய பின்னரே அடுப்படிப் பக்கம் போவது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் ஒழுக்கம். பல் துலக்காத பிள்ளைக்கு ஒரு மிடறு தேநீர்தானும் கொடுக்கச் சம்மதியார் நம் பாட்டிமார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று பழமொழி வகுத்து வைத்தவர்களின் வழிவந்தோர் நாம். பல்லின் தூய்மையில் இத்துணைக் கருத்துடைய நம்மிடையே, சூத்தைப் பல்லால் ஒருவரேனும் துன்புறாத குடும்பத்தைக் காண்பது அரிதாயிருப்பது ஏன்?

இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையைச் சுருக்கமாகச் சொல்வதானால், நாம் பல் துலக்குவதிற் குறையில்லை; துலக்கும் நேரத்திலேதான் குறையிருக்கிறது. காலையில் நாம் துலக்குவது வாயின் நாற்றம் நீங்கவும், உண்பதற்கு முன் வாய் தூய்மையடையவுமே. பல்லோ உண்ட பின்னர்தான் தாக்கப்படுகிறது. உறங்கும் வேளையிலே மிகுதியாகத் தாக்கப்படுகிறது. எதிரி வருமுன் கதவைச் சாத்தி, அவன் வரும் நேரத்தில் திறந்து வைப்பவனைப் போல நாம் நடந்துகொள்கிறோம்.

இது நமக்கு மாத்திரம் உரிய குறையன்று. உலகெங்கும் ஏறத்தாழ 200 கோடி மக்களுக்கு நிரந்தரப் பற்களிற் சூத்தை உண்டென்றும், 51 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாற்பற்களிற் சூத்தை உண்டென்றும் உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. இவ்வளவு பேரை வருத்தும் இந்நோய் பெரும்பாலும் வராமற் காக்கக் கூடிய நோய் என்பதே வருந்தத்தக்க உண்மை.

புழுவா, கிருமியா?

சூத்தைப் பல்லைப் புழு அரிக்கிறது என்று நம் மூதாதையர் நம்பினர். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, அதன் புகையை வாயிற் பிடித்தால் புழு விழுந்துவிடும் என்று வைத்தியமுஞ் செய்தனர். இந்நம்பிக்கை நமக்கு மாத்திரம் உரியதன்று. பழைய பாபிலோனியரும் சீனரும் ஐரோப்பியரும் பல்லிற் புழு இருப்பதாகவே எண்ணினர். நவீன பல்வைத்தியத்தின் தந்தை எனப் போற்றப்படும் பிரான்சு நாட்டுப் பியேர் போஷார் என்பவர், 1728ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், தாம் எவ்வளவு தேடியும் அத்தகைய புழுவைக் காணவில்லை என்று துணிந்து எழுதினார்.

ஆயினும், பல்லில் உயிர்கள் உண்டு என்பது அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஒல்லாந்து தேசத்தில் டெல்ப்ட் நகரிலே துணி வியாபாரஞ் செய்துவந்த அந்தோனி வான் லீவன்ஹூக் என்பவர், தாமே கடைந்த வில்லைகளைக் கொண்டு உருப்பெருக்கி செய்து, தமது பற்களினிடையே படிந்திருந்த வெண்ணிறப் பொருளை ஆராய்ந்தார். அதற்குள்ளே மிகச் சிறிய உயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு வியந்து, 1683ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இன்று பக்டீரியா என நாம் வழங்கும் நுண்ணுயிர்களே அவை.

அவ்வுயிர்கள் பல்லை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை விளக்கியவர், பெர்லின் நகரிற் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர். பல்லிற் படியும் மாப்பொருளையும் சீனியையும் நுண்ணுயிர்கள் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். பல்லை அரிக்கும் புழு இல்லை. பல்லைக் கரைக்கும் புளிப்பு உண்டு. அப்புளிப்பை ஆக்குவதற்கு வேண்டிய இனிப்பை நாமே நாள்தோறும் ஊட்டி வருகிறோம்.

வாய்க்குள்ளே நிகழும் போர்

நமது உடலில் மிக வன்மையான பொருள் எலும்பன்று. பல்லின் மேலுள்ள மிளிரி எனப்படும் வெண்ணிற உறையே. அதன் நிறையில் நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருள். கரும்பைக் கடிக்கவும் கச்சானை நொறுக்கவும் வல்ல அவ்வுறைக்கு ஒரேயொரு பெருங்குறை உண்டு. அதில் உயிருள்ள கலங்கள் இல்லை. தோலிற் காயம் பட்டால் ஆறுகிறது. எலும்பு முறிந்தால் பொருந்துகிறது. மிளிரியில் துவாரம் விழுந்தாலோ அது ஒருபோதும் தானாக மூடுவதில்லை.

ஆனால், துவாரம் விழுவதற்கு முன்னர் நீண்ட காலம் ஒரு போர் நிகழ்கிறது. நாம் இனிப்பான பொருளை உண்டவுடன், பல்லின்மேற் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் சில நிமிடங்களுக்குள் அமிலத்தை ஆக்கத் தொடங்கும். மிளிரியிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். அப்பொழுது நமக்குத் துணையாக வருவது உமிழ்நீர். அது அமிலத்தை முறியடித்து, தன்னிலுள்ள கல்சியத்தையும் பொசுபேற்றையும் பல்லுக்கு மீண்டும் வழங்கி, இழந்ததை ஈடுசெய்கிறது. இத்தகைய மருந்தை நமது வாய் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை விலையின்றிச் சுரக்கிறது.

இப்போர் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? 1940களில் ரொபேட் ஸ்டெபான் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், குளுக்கோசுக் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து, பல்லின்மேற் படலத்திலுள்ள புளிப்பின் அளவு மாறுவதை நுண்ணிய கருவி கொண்டு அளந்தார். இனிப்புப் பட்ட சில நிமிடங்களில் புளிப்பு உச்சத்தை அடைந்தது. அது மீண்டும் பழைய நிலைக்குத் தணிவதற்கு அரைமணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை சென்றது. ஒரு டொபியைத் தின்று முடிக்க இரண்டு நிமிடம் போதும். அதன் விளைவைப் பல் அனுபவிப்பதோ அரைமணி நேரத்துக்கு மேல்.

எவ்வளவு என்பதன்று, எத்தனை முறை என்பதே

மேற்கூறியதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ஒரு நாளில் நாம் எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைக் காட்டிலும், எத்தனை முறை உண்கிறோம் என்பதே பல்லின் விதியைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. இதனை உலகுக்கு எடுத்துக்காட்டியது சுவீடன் நாட்டில், லுண்ட் நகரிலுள்ள விப்பேஹோம் என்னும் மருத்துவமனையிலே 1940களின் பிற்பகுதியில் நடந்த ஆராய்ச்சி.

அங்கு வாழ்ந்த மனவளர்ச்சி குன்றிய நோயாளரைப் பல பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவோடு சேர்த்துச் சீனி கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு, உணவு வேளைகளுக்கு இடையில், பல்லில் ஒட்டும் டொபிகளைக் கொடுத்தனர். நாளொன்றுக்கு 24 டொபி பெற்றவர்களும் இருந்தனர். உணவோடு சீனி உண்டவர்களின் பற்களிற் கேடு சிறிதளவே கூடியது. இடையிடையே டொபி உண்டவர்களின் பற்களோ கடுகிக் கெட்டன. தமக்கு நேர்வது இன்னதென அறியாத, சம்மதந் தெரிவிக்கவும் இயலாத மக்களின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு இது. அச்செயல் அறமன்று என்பதைப் பின்னாளில் உலகம் ஒப்புக்கொண்டது. அம்மக்கள் கொடுத்த விலையை எண்ணியேனும், அவ்வறிவைப் பயன்படுத்தாது விடுவது தகாது.

சுவீடன் நாட்டவர் அதனைப் பயன்படுத்தினர். பிள்ளைகளுக்கு இனிப்பை அடியோடு மறுப்பது நடவாத காரியம் என்பதை உணர்ந்து, வாரத்தில் ஒரு நாள் மாத்திரம், சனிக்கிழமையில், இனிப்பு வழங்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தினர். ‘சனிக்கிழமை இனிப்பு’ என்பது அந்நாட்டுக் குடும்பங்களில் இன்றும் நிலவும் வழக்கம்.

நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். விடியற்காலையில் சீனி கலந்த தேநீர். பாடசாலைக்குப் புறப்படுமுன் ஒரு பிஸ்கற். இடைவேளையிற் சிற்றுண்டிச்சாலையில் ஒரு டொபி. வீடு திரும்பும் வழியில் ஒரு குளிர்பானம். மாலையிற் பணிஸும் தேநீரும். படிக்கும்போது கொறிக்க ஏதேனும் ஒன்று. படுக்கைக்குப் போகுமுன் சீனியிட்ட பால். ஏழு முறை! ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் என்று கொண்டாலும் மூன்றரை மணி நேரம் அப்பிள்ளையின் பற்கள் புளிப்பில் ஊறுகின்றன. உமிழ்நீர் ஒரு தாக்குதலைச் சமாளித்து முடிக்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. அதே பிள்ளை அதே இனிப்பை மதிய உணவின் முடிவிலே உண்டிருந்தால், பல தாக்குதல்கள் ஒன்றாகக் குறைந்திருக்கும்.

சீனிதான் தீது, பனங்கட்டி நல்லது என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். பனங்கட்டியும் கல்லாக்காரமும் தேனும் உடலுக்கு வேறு வகையில் உகந்தனவாயிருக்கலாம். பல்லின்மேல் வாழும் நுண்ணுயிருக்கோ அவை யாவும் ஒன்றே. வெறுந்தேநீரை ஒரு மிடறு குடிப்பதும் பனங்கட்டியை ஒரு கடி கடிப்பதுமாக அரைமணி நேரம் கழிப்பவர், அவ்வரைமணி நேரமும் பல்லைத் தாக்குதலுக்கு ஆளாக்குகிறார். தேநீரில் இனிப்பை விடுத்தோ, குறைத்தோ, ஒரே அமர்வில் அருந்தி முடிப்பது நன்று.

போத்தலிலும் பெட்டியிலும் அடைத்து வரும் பானங்களை வாங்குவோர் அவற்றின்மேல் உள்ள நிறத்தைக் கவனித்தல் வேண்டும். இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல், சீனி சேர்த்த பானங்களிற் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என நிறக்குறி இடப்படுகிறது. சிவப்பு மிகுந்த சீனியைக் குறிக்கும். எழுத்தறியாத சிறு பிள்ளைக்கும் இக்குறியைக் கற்பிக்கலாம் அன்றோ?

இரவென்னும் காவலற்ற காலம்

இனி, நாம் தொடக்கத்திற் கூறிய நேரத்தின் விடயத்துக்கு வருவோம். பல்லுக்குக் காவலாய் நிற்பது உமிழ்நீர் என்று கண்டோம். அக்காவலாளி இரவில் உறங்கிவிடுகிறான். நாம் நித்திரை கொள்ளும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது. இரவு உணவின் துணுக்கும், படுக்குமுன் குடித்த பாலின் இனிப்பும் பல்லில் அப்படியே தங்கினால், விடியும் வரை நுண்ணுயிருக்கு விருந்துதான். காலையில் எழுந்து எத்துணை நேரம் துலக்கினாலும், இரவு நடந்து முடிந்த கேட்டை அது மாற்றாது.

ஆதலால், நாளொன்றுக்கு இருமுறை பல் துலக்குதல் வேண்டும். அவ்விரண்டில் ஒன்று உறங்கப் போகுமுன் செய்யும் கடைசிக் காரியமாக இருத்தல் வேண்டும். அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குட் செல்லலாகாது. பிள்ளைக்கு இருமலென்று பாணி மருந்து கொடுப்பதானாலும், அதைக் கொடுத்த பின்னரே பல் துலக்கிவிடுதல் நலம்; அம்மருந்துகள் பலவற்றிற் சீனி உண்டு.

கைக்குழந்தையின் விடயத்தில் இன்னுங் கவனம் வேண்டும். அழுகையை ஆற்றுவதற்காகச் சீனியிட்ட பாலையோ பழச்சாற்றையோ போத்தலில் வார்த்து, வாயில் வைத்தவாறே உறங்கவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சூப்பியைத் தேனில் தோய்த்துக் கொடுப்போரும் உளர். அக்குழந்தையின் மேல்வாய் முன்பற்கள் முதலிற் கறுத்துக் கரையும். கீழ்வாய் முன்பற்களை நாவும் உமிழ்நீரும் மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். இரண்டு வயதுக் குழந்தை சிரிக்கும்போது மேற்பற்கள் கரியாகவும் கீழ்ப்பற்கள் வெண்மையாகவும் காணப்பட்டால், அது பரம்பரைக் கோளாறன்று. அநேகமாக இரவுப் போத்தலின் வேலையே.

ஆறாம் வயதில் ஓசையின்றி வரும் விருந்தாளி

‘பாற்பல் தானே, விழுந்து முளைக்கத்தானே போகிறது’ என்ற சொல்லைப் போல் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்த சொல் வேறில்லை எனலாம். இருபது பாற்பற்களுள் கடைவாயில் உள்ளவை 10, 12 வயது வரை பிள்ளையோடு இருக்க வேண்டியவை. அவை ஐந்து வயதிலேயே சூத்தையாகிப் பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சரியும். பின்னர் முளைக்கும் நிரந்தரப் பல் இடமின்றிக் கோணலாகும். வலியால் மெல்ல முடியாத பிள்ளை சரிவர உண்ணாது. இரவில் உறங்காத பிள்ளை பகலில் வகுப்பிற் கற்காது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஆறு வயதளவில், பாற்பற்களில் எதுவும் விழாமலே, அவற்றுக்கெல்லாம் பின்னால் நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிரந்தரப் பற்கள். எழுபது, எண்பது வயது வரை உணவை அரைத்துத் தர வேண்டியவை இவையே. எந்தப் பல்லும் விழாததால், இவை முளைத்ததைத் தாய் தந்தையர் அறிவதில்லை. அறிந்தாலும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உடையனவாகையால் உணவு எளிதில் தங்கும். வாயின் கோடியில் இருப்பதால் பிள்ளையின் தூரிகை அங்கே எட்டாது. இதனாலேயே, முளைத்த சில ஆண்டுகளுக்குள் சூத்தையாகி, வாழ்நாள் முழுவதற்குமாக இழக்கப்படும் பற்களுள் இவை முன்னிற்கின்றன.

உங்கள் வீட்டில் ஐந்து முதல் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் செய்து, கடைசிப் பாற்பல்லின் பின்னே பாருங்கள். புதிய பல் ஒன்று தலை காட்டினால், அன்று முதல் அதனைத் தனிக் கவனத்தோடு துலக்கிவிடுங்கள். அப்பல்லின் வரிப்பள்ளங்களைப் பிசின் போன்ற பூச்சினால் மூடிக் காக்கும் முறை பல்வைத்தியரிடம் உண்டு.

துலக்கும் முறை

தூரிகையின் தலை சிறிதாகவும் நார்கள் மென்மையாகவும் இருத்தல் நன்று. வன்மையான நார் நன்கு துலக்கும் என்பது தவறான எண்ணம். அது முரசைத் தேய்த்துப் பல்லின் வேரை வெளிப்படுத்தும். நார்கள் விரிந்துவிட்டாலோ, மூன்று மாதங்கள் சென்றாலோ, தூரிகையை மாற்றுதல் வேண்டும்.

பல்லும் முரசும் சந்திக்கும் இடத்திலேயே படலம் மிகுதியாகத் தங்கும். ஆகையால், தூரிகையை அவ்விடத்திற் சாய்வாக வைத்து, அழுத்தாமல், சிறு அசைவுகளாக ஈரிரண்டு பற்களாகத் துலக்கி வர வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என ஒழுங்கு தவறாமற் செய்தால், இடம் எதுவும் விடுபடாது. இரண்டு நிமிட நேரமேனும் துலக்குதல் அவசியம். மணிக்கூட்டைப் பார்த்துத் துலக்கினால், நாம் வழக்கமாக எவ்வளவு விரைவில் முடித்துவிடுகிறோம் என்பது விளங்கும்.

பற்களின் இடையிலுள்ள பகுதிக்குத் தூரிகை புகாது. அதற்கெனப் பல்லிடை நூல் கடைகளிற் கிடைக்கிறது. தென்னீர்க்கையும் குண்டூசியையும் கொண்டு பல்லைக் குத்துவது முரசைப் புண்படுத்தும்.

ஏழெட்டு வயது வரை பிள்ளைகள் தாமாகச் சரிவரத் துலக்குதல் இயலாது. சட்டையின் பொத்தானைத் தாமே பூட்டும் பிள்ளைக்கும் கடைவாயைத் துலக்கும் கைத்திறன் வந்திராது. காலையில் அவர்களே துலக்கட்டும். இரவில் தாயோ, தந்தையோ, மூத்த சகோதரரோ பின்னால் நின்று, தலையைத் தாங்கித் துலக்கிவிடுவது சிறந்தது. முதற் பல் முளைத்த நாளிலிருந்தே இப்பழக்கம் தொடங்குதல் வேண்டும்.

கரியும் குச்சியும் பற்பசையும்

உமிக்கரியாலும் வேப்பங்குச்சியாலும் துலக்கிய நம் பாட்டனார் 80 வயதிலும் முறுக்குக் கடித்தாரே என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வியே. குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கித் துலக்குவதாற் படலம் நீங்கும் என்பது மெய். ஆனால், அப்பாட்டனாரின் பல்லைக் காத்ததிற் பெரும் பங்கு அவர் உண்ணாது விட்ட பொருள்களுக்கே உரியது. டொபியும் பிஸ்கற்றும் குளிர்பானமும் நாள்தோறும் கைக்கெட்டும் காலத்தில் அவர் வாழவில்லை. அவரது உணவை விட்டுவிட்டு அவரது கரியை மாத்திரம் கைக்கொண்டாற் பயன் விளையாது. மேலும், கரி, செங்கற்பொடி, மணல் முதலியன மிளிரியைத் தேய்த்துவிடும். தேய்ந்த மிளிரி மீள்வதில்லை.

இன்றைய பற்பசையின் சிறப்பு அதன் நுரையிலும் மணத்திலும் இல்லை. அதிலுள்ள புளோரைட்டிலேயே உண்டு. இதன் வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த பிரெடெரிக் மக்கே என்னும் பல்வைத்தியர், அங்குள்ளோர் பலரின் பற்களிற் கபில நிறக் கறையைக் கண்டார். கறை படிந்த அப்பற்களிற் சூத்தை குறைவு என்பதையும் பின்னர் கவனித்தார். குடிநீரில் மிகுந்திருந்த புளோரைட்டே காரணம் என்பது 1931ஆம் ஆண்டு தெளிவாயிற்று. அளவு மிகுந்தாற் கறை. அளவோடு இருந்தாற் காவல். மிளிரி இழந்த கனிப்பொருளை மீளப் பெறுவதற்குப் புளோரைட்டுத் துணை செய்கிறது. அவ்வாறு மீண்ட மிளிரி முன்னிலும் எளிதில் அமிலத்திற் கரைவதில்லை.

கறை படிந்த பல்லைக் காண நாம் கொலராடோ செல்ல வேண்டியதில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை முதலிய உலர்வலயப் பகுதிகளிற் பல கிணறுகளின் நீரிலே புளோரைட்டு மிகுந்துள்ளது. அங்கு வளர்ந்த பலரின் பற்களில் வெண்புள்ளியும் கபிலக் கறையும் காணப்படுவது அதனாலேயே. இது துலக்காமையால் வந்த அழுக்கன்று. அப்பிள்ளைகளைப் பரிகசித்தல் பிழை.

ஆகையால், பற்பசையையும் அளவறிந்து பயன்படுத்துதல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு. விளம்பரங்களிற் காட்டுவது போலத் தூரிகையை மூடுமளவுக்குப் பிதுக்கத் தேவையில்லை. பிள்ளைகள் அதனை விழுங்காமற் பார்த்துக்கொள்ளுங்கள். துலக்கி முடிந்ததும் நுரையைத் துப்பிவிடுவதே போதுமானது. பலமுறை நீரால் வாய் கொப்பளித்தால், பல்லிற் சற்றே தங்கிப் பயன்தர வேண்டிய புளோரைட்டும் கழுவுண்டு போகும்.

வெண்புள்ளி என்னும் எச்சரிக்கை

சூத்தை கறுப்பாகவே தொடங்கும் என்று எண்ணுகிறோம். அது முதலில் வெள்ளையாகவே தொடங்குகிறது. முரசை ஒட்டி, மேல்வாய் முன்பற்களிற் சுண்ணாம்பு தடவியது போன்ற ஒளியற்ற வெண்கோடு தோன்றுமாயின், மிளிரி கனிப்பொருளை இழந்து வருகிறது என்று அறியலாம். இந்நிலையில் இனிப்பின் தடவைகளைக் குறைத்து, இருவேளையும் புளோரைட்டுப் பற்பசையால் துலக்கி வந்தாற் கேடு அங்கேயே நின்றுவிடக் கூடும். பல்வைத்தியர் புளோரைட்டுப் பூச்சு இட்டும் உதவுவார். மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை உயர்த்திப் பார்க்கும் தாய், மருத்துவர் காணுமுன்னரே நோயைக் கண்டுவிடுவார்.

அந்நிலை கடந்து துவாரம் விழுந்துவிட்டால், துலக்குவதால் அது மூடாது. பல்வைத்தியரிடம் அடைத்துக்கொள்ளவே வேண்டும். குளிர்ந்த நீர் பட்டாற் கூசும்போது சென்றால், சிறிய அடைப்போடு காரியம் முடியும். இரவெல்லாம் குத்தும் வலி வந்தபின் சென்றால், நரம்பும் குருதிக் கலன்களும் உள்ள உள்ளறை வரை நோய் எட்டியிருக்கும். கராம்பெண்ணெய் வலியைச் சற்றே மறக்கச் செய்யும், நோயை அகற்றாது. வலி தானாக நின்றால் நோய் தீர்ந்ததென்றுங் கொள்ளலாகாது. நரம்பு இறந்துபோனாலும் வலி நிற்கும். அதன்பின் வேரடியிற் சீழ் கட்டி, கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டால், அது உயிருக்கும் ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மேல்வாய்ப் பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை மங்கும் என்ற அச்சம் வீணானது. பல்லின் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் அத்தகைய தொடர்பு இல்லை.

செலவை அஞ்சி ஒதுங்குவோரும் உளர். நம் நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளிற் பல் சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கெனத் தனியான பல் சிகிச்சைச் சேவையும் உண்டு. நியூசிலாந்து நாடு 1921ஆம் ஆண்டு தொடங்கிய பாடசாலைப் பற்சேவையை முன்மாதிரியாகக் கொண்டு, அந்நாட்டின் உதவியோடு 1950களில் மகரகமவிலே பயிற்சிப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அங்கு பயின்ற சிகிச்சையாளர்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளின் பற்களைக் கவனித்து வருகின்றனர். பாடசாலையிலிருந்து பல் பரிசோதனைக்கு அழைப்பு வந்தால், அன்று பிள்ளையை வீட்டில் மறித்து வைக்காதீர்கள். ‘பொய் சொன்னாற் பல்வைத்தியரிடம் கொண்டுபோய் விடுவேன்’ என்று பயமுறுத்தியும் வளர்க்காதீர்கள். வலியில்லாத நாளிலே முதன்முதலாகப் பல்வைத்தியரைக் காணும் பிள்ளைக்கு அவரிடம் அச்சம் உண்டாவதில்லை.

வீட்டுக்கு ஒரு சட்டம்

இவ்வளவையும் சொன்ன பின், ஒவ்வொரு வீடும் எளிதிற் கைக்கொள்ளத்தக்க நான்கு விதிகளைக் கூறுவோம். இனிப்பை உணவோடு உண்க. இடையில் நீரும் பழமும் கச்சானும் போதும். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாரத்தில் ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவின் பின் என்று வைத்துக்கொள்ளலாம். காலையிலும் உறங்குமுன்னும் புளோரைட்டுப் பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குக. நோவு இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல்வைத்தியரைக் காண்க.

மாணவச் செல்வங்களே, இவ்விதிகளுள் மூன்றாவதை உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிய பின், விளக்கை அணைக்குமுன், தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு பல் துலக்கச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும் பெரியோர் தாமும் உடன் செல்லுதல் வேண்டும். தந்தை துலக்காது படுக்கும் வீட்டில் மகன் துலக்குவான் என எதிர்பார்ப்பது எங்ஙனம்? காலையிற் பல் துலக்கும் நல்லொழுக்கத்தை நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றனர். இரவிலும் துலக்கும் ஒழுக்கத்தை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது நமது கடமை. அதனை இன்றிரவே தொடங்கலாம்.